கவாத்துக் காயத்துக்குப் பூச்சு வேணுமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

மா அறுவடை முடிந்து, தோப்பில் கவாத்து வேலை நடக்கிற ஆடி, ஆவணி மாதங்களில் என்னிடம் அதிகமாக வருகிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, கிளையை வெட்டியாச்சு. வெட்டின இடத்துல என்ன தடவணும்?" என்பதுதான் அது. கேட்கிறவர் பெரும்பாலும் பதில் வருவதற்கு முன்பே ஏதாவது ஒன்றைத் தடவியிருப்பார். சிலர் ரோட்டு வேலைக்கு வந்த தாரைக் கொஞ்சம் வாங்கிவந்து பூசியிருப்பார்கள். டிராக்டரில் இருந்து வடித்த பழைய ஆயிலைத் தடவியவர்கள் உண்டு. வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட், சாணியும் செம்மண்ணும் குழைத்தது, சிமெண்ட் என்று எல்லாவற்றையும் நான் மரத்தில் பார்த்திருக்கிறேன். கடையில் டப்பாவில் விற்கிற பூச்சை விலை கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக வெட்டிய காயம் பத்தில் ஒன்பதுக்கு எந்தப் பூச்சும் வேண்டியதில்லை. நோய் கண்ட மரம், நோய் வரும் என்று தெரிந்த மரம், இந்த இரண்டுக்கு மட்டும் போர்டோ பசை தடவலாம். அதுவும் பூஞ்சாணத்தைக் கொல்லுகிற மருந்தாகத்தான். காயத்துக்கு மூடியாக அல்ல. தார், ஆயில், பெயிண்ட் இந்த மூன்றும் எந்த மரத்துக்கும் வேண்டாம்.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

நம் காலில் மண்வெட்டி பட்டுக் காயம் ஆனால், கெட்ட சதை போய் அதே இடத்தில் புதுச் சதை வளர்கிறது. கொஞ்ச நாளில் தழும்பு மட்டும் நிற்கும். மரத்துக்கு அந்த வித்தை தெரியாது. வெட்டுப்பட்ட கட்டையை அது மறுபடி புதுசாக்க முடியாது. மரம் செய்வது வேறு வேலை. வெட்டுப்பட்ட இடத்துக்கு உள்ளே, நல்ல கட்டைக்கும் கெட்ட கட்டைக்கும் நடுவில், தன் சாறுகளைக் கொண்டே ஒரு வேலி கட்டுகிறது. சாறு ஓடுகிற குழாய்களை அடைத்து, பூஞ்சாணத்துக்கு ஒத்துவராத பொருள்களை அங்கே கொண்டுவந்து நிரப்புகிறது. "இதுவரைக்கும் நீ தின்றுகொள், இதற்கு மேலே வராதே" என்று எல்லை போடுகிற மாதிரி. அதே சமயம் வெளியே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய வளர்திசு புதுக் கட்டையைச் சுரந்து, காயத்தின் ஓரத்திலிருந்து உருண்டு உருண்டு வந்து மேலே மூடுகிறது. பழைய காயம் உள்ளே அப்படியே கிடக்கும். தச்சரிடம் போய் பழைய மாம்பலகையைப் பாருங்கள். கறுப்பாகக் கணு தெரிகிறதே, அது என்றைக்கோ ஒடிந்த கிளையின் காயம். மரம் அதை ஆற்றவில்லை, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

ஆகவே, வேலி கட்டுவதும் மூடுவதும் மரத்தின் உள்வேலை. வெளியிலிருந்து நாம் தடவுகிற எதுவும் அந்த வேலியைக் கட்டித் தராது.

இது நம் ஊரில் மட்டும் இருந்த பழக்கம் இல்லை. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் தோட்டக்காரர் வில்லியம் ஃபோர்சித் என்பவர் 1791-ல் ஒரு காயப் பூச்சைப் பற்றிப் புத்தகமே போட்டார். அதில் என்ன சேர்த்தார் தெரியுமா? பசுஞ்சாணி, பழைய கட்டிடத்துச் சுண்ணாம்பு, விறகுச் சாம்பல், ஆற்று மணல்! கப்பல் கட்டுகிற மரங்களைக் காப்பாற்றும் என்று நம்பி அரசாங்கமே அவருக்குப் பணம் கொடுத்தது. நம் பாட்டன்மார் செய்ததும் அரண்மனைத் தோட்டக்காரர் செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் பிறகு தார் வந்தது, அரக்கு வந்தது, வார்னிஷ் வந்தது. பூசுவது நல்லது என்று எல்லாரும் நம்பினார்கள். மரத்தைப் பிளந்து உள்ளே பார்த்தவர்கள்தான் குறைவு.

அப்படிப் பிளந்து பார்த்தவர் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ. மோட்டார் ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து, காயத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தார். மரம் வேலி கட்டுகிற கதையை உலகத்துக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னவர் அவர்தான். மேப்பிள், எல்ம் என்ற இரண்டு வகை மரங்களில் காயம் பண்ணி, சிலவற்றுக்குத் தார்ப் பூச்சு, சிலவற்றுக்கு அரக்கு, சிலவற்றுக்கு வார்னிஷ், மீதியைச் சும்மா விட்டு, 5 வருஷம் கழித்து அவரும் அவருடைய கூட்டாளியும் அறுத்துப் பார்த்தார்கள். 1977-ல் முடிவை வெளியிட்டார்கள். பூசியது, பூசாதது என்று வித்தியாசம் இல்லாமல் உள்ளே மக்கல் இருந்தது. எந்தப் பூச்சும் மக்கலைத் தடுக்கவில்லை.

காரணம் சுலபம். நீங்கள் வெட்டி முடித்து, ஏணியிலிருந்து இறங்கி, டப்பாவைத் திறப்பதற்குள் காற்றில் பறக்கிற பூஞ்சாண வித்துகள் வெட்டுவாயில் உட்கார்ந்துவிடுகின்றன. அதற்கு மேலே தாரைப் பூசினால் என்ன ஆகும்? திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டின கதைதான். தார் கறுப்பு, வெயிலை இழுக்கும். சித்திரை வெயிலில் இளகும், பிறகு காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியே வரத் தெரியாது. ஈரமும் இருட்டும் பூஞ்சாணத்துக்குக் கல்யாண விருந்து. வெறுமனே விட்ட காயமாவது வெயிலிலும் காற்றிலும் காய்ந்து கெட்டிப்படும். பழைய ஆயில் இன்னும் மோசம். அது பட்டையோரத்து வளர்திசுவையே சுட்டுவிடும். மூட வருகிற கையை வெட்டினால் காயத்தை யார் மூடுவது?

இங்கே ஒரு பெரியவர் என்னை மடக்கினார். "முருங்கைப் போத்து நடும்போது நுனியில சாணி உருண்டை வைக்கிறோமே, அது தப்பா?" என்றார். தப்பே இல்லீங்க. போத்துக்கு வேர் கிடையாது. நுனி வழியாக ஈரம் போய்விட்டால் துளிர்ப்பதற்கு முன்பே காய்ந்துவிடும். அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான் சாணி. ஒட்டுக் கட்டும்போது பிளாஸ்டிக் நாடா சுற்றுகிறோமே, அதுவும் இதே காரணம்தான். ஜப்பான்காரர்கள் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரத்துக்குக் களிமண் மாதிரி ஒரு பசையை அப்புவார்கள். அது ஓரம் காயாமல் இருந்து தழும்பு அழகாக மூடட்டும் என்பதற்காக. கண்ணால் பார்க்கவே வளர்க்கிற மரம் அது; அவர்களுக்குள்ளேயே அது வேணுமா வேண்டாமா என்று வாதம் உண்டு. தோப்பில் நிற்கும் மா மரத்துக்கு ஆயிரம் வேர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குச் சாணி உருண்டை எதற்கு?

சரி, பூச்சு வேண்டாம் என்றால் நம் வேலை என்ன? வெட்டுதான். பூச்சுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியை ரம்பத்துக்குக் காட்டினால் போதும் என்பது என் கருத்து. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மரம் பிழைப்பதும் பொந்து விழுவதும் இங்கேதான் முடிவாகிறது.

ஒரு பக்கக் கிளை தாய் மரத்தில் சேருகிற இடத்தை உற்றுப் பாருங்கள். கிளையின் அடியில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அதைக் கிளைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். மேல்பக்கம், கிளையும் மரமும் சேருகிற கவட்டையில், பட்டை சுருங்கி ஒரு மேடு ஓடும். வேலி கட்டுகிற சரக்கு எல்லாம் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. அந்தக் கழுத்து தாய் மரத்தைச் சேர்ந்தது, கிளையைச் சேர்ந்தது அல்ல. ஆகவே கழுத்தை விட்டுவிட்டு, அதற்கு வெளியே ஒட்டினாற்போல அறுக்க வேணும். கவட்டை மேட்டுக்கு வெளியே ரம்பத்தை வைத்து, கொஞ்சம் வெளிப்புறமாகச் சாய்த்து, கீழே வீக்கம் முடிகிற இடத்தில் வெளியே வாருங்கள்.

நம் ஆட்கள் இரண்டு தப்புச் செய்கிறார்கள். ஒன்று, ஒரு முழம், அரை முழம் கட்டையை விட்டு வெட்டுவது. அந்தக் கட்டைக்கு இலை கிடையாது, அதனால் உணவு கிடையாது. காய்ந்து நிற்கும். அதைத் தாண்டி வளர்திசு உருண்டு வர முடியாது. அந்தக் காய்ந்த கட்டை மக்கி, கரையானுக்கும் துளைப்பானுக்கும் வாசற்படி ஆகும். இன்னொன்று, சுத்தமாக இருக்கட்டும் என்று மரத்தோடு மரமாக வழித்துச் சீவிவிடுவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கழுத்துப் போய்விட்டது, வேலியும் போய்விட்டது. காயமும் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. முதல் தப்பைவிட இரண்டாவது தப்பு எனக்குக் கூடுதல் வருத்தம் தருவது, ஏனென்றால் அதைச் செய்கிறவர் அக்கறையோடு செய்கிறார்.

கனமான கிளையை ஒரே அறுப்பில் இறக்காதீர்கள். பாதி அறுக்கும்போதே கனம் தாங்காமல் முறிந்து, கீழ்ப்பட்டையை இரண்டு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழும். அந்தக் காயத்துக்கு எந்த வைத்தியமும் கிடையாது. முதலில் மரத்திலிருந்து அரை முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஓர் அறுப்பு. பிறகு அதற்கு இரண்டு மூன்று விரல் வெளியே, மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். உரிந்தாலும் அடி அறுப்போடு நின்றுவிடும். கடைசியாக மிச்சக் கட்டையைக் கையில் தாங்கிக்கொண்டு கழுத்துக்கு வெளியே அறுத்து எடுங்கள். அரிவாளாலும் கோடாரியாலும் நாலு போடு போட்டால் ஓரப் பட்டை நார் நாராகக் கிழியும். கவாத்து ரம்பம் வாங்குங்கள். டப்பாப் பூச்சுக்கு வருஷா வருஷம் கொடுக்கிற காசை அதற்குக் கொடுக்கலாம்.

சரியாக வெட்டினீர்களா என்று அடுத்த வருஷம் மரமே சொல்லும். காயத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, மெதுவடை மாதிரி வட்டமாகச் சதை போட்டிருந்தால் சரி. இடமும் வலமும் மட்டும் சதை போட்டு, மேலும் கீழும் போடாமல், கண் மாதிரி நீளமாக நின்றால் கழுத்தை வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

காயத்தின் அளவும் முக்கியம். கட்டைவிரல் பருமன் கிளையின் காயத்தை வீரியமுள்ள மரம் ஒன்றிரண்டு பருவத்தில் மூடிவிடும். தொடைப் பருமன் கிளையை வெட்டினால் பல வருஷம் திறந்தே கிடக்கும். அத்தனை வருஷம் நிற்கிற பூச்சு எதுவும் இல்லை. ஆகவே வேண்டாத கிளையை இளசிலேயே எடுத்துவிடுங்கள். ஒட்டு மா நட்ட முதல் இரண்டு மூன்று வருஷத்தில், நாலு பக்கமும் பரவுகிற மூன்று நாலு கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கத்திரிக்கோலால் நீக்கினால், பின்னால் ரம்பத்துக்கு வேலை குறையும். காய்க்கிற மரத்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட், செப்டம்பரில் உள்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது வெட்ட வேண்டாம். நல்ல வெயில் நாளில் வெட்டினால் வெட்டுவாய் அன்றைக்கே காயும். ஐப்பசி அடைமழைக்குள் மரம் தன் வேலையைத் தொடங்கிவிடும். வெட்டிய பிறகு எருவும் தண்ணீரும் கொடுங்கள். காயத்தை மூடுவது இலை சமைத்துக் கொடுக்கிற உணவுதான்.

புயல் முறித்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் முறித்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டாவில் தென்னையோடு மா, பலாவையும் சாய்த்தது. அந்த மாதிரிச் சமயத்தில் கிளை ரம்பத்தால் அறுத்த மாதிரி விழாது; கிழிந்து விழும். கிழிந்த இடத்தில் தாரைப் பூசி மறைக்காதீர்கள். தொங்குகிற முறிவைக் கழுத்துக்கு வெளியே அறுத்து எடுங்கள். ஒட்டாமல் உரிந்து நிற்கிற பட்டையை மட்டும் கூரான கத்தியால் சீவி, ஓரத்தை ஒழுங்குபண்ணி விடுங்கள். நல்ல பட்டையைத் தொடக்கூடாது. திடீரென்று வெயில் படுகிற அடிமரத்துக்கும் தடித்த கிளைக்கும் சுண்ணாம்பு அடிக்கலாம். அது காயத்துக்கு அல்ல, பட்டை வெந்துபோகாமல் இருப்பதற்கு.

இப்போது போர்டோ பசைக்கு வருவோம். பூச்சு என்பது பெயர் தெரிந்த எதிரிக்குத்தான் என்று சொன்னால் சரியாக இருக்கும். அமெரிக்காவிலேயே, ஓக் என்ற மரத்துக்கு மட்டும், வசந்த காலத்தில் வெட்ட நேர்ந்தால் உடனே பெயிண்ட் பூசு என்கிறார்கள். புதுக் காயத்தின் வாசனைக்கு வருகிற வண்டு ஒரு வாடல் நோயைக் கொண்டுவருகிறது. அந்த வண்டை மறிக்கத்தான். நம்மிடம் அப்படிப்பட்ட எதிரிகள் யார்? மாவில் கிளை நுனியிலிருந்து கருகிப் பட்டுக்கொண்டே கீழே இறங்குகிற நோய் ஒன்று. காய்ந்த பாகத்துக்குக் கீழே நாலு விரல் பச்சையையும் சேர்த்து வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். வெட்டிய கிளையைத் தோப்பிலேயே போட்டுவிடாமல் எரித்துவிடுங்கள். எலுமிச்சையில் அடிமரத்தில் பிசின் வடிகிற நோய் இன்னொன்று. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கெட்ட பட்டையை நல்ல பட்டை தெரிகிறவரை சுரண்டி எடுத்து, பசை தடவ வேணும். அடிமரத்தில் தண்ணீர் தேங்காமலும் பார்க்க வேணும். தேங்கவிட்டுப் பசை தடவுவது வீண். நோய் கண்ட மரத்தை வெட்டிய ரம்பத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்காமல் அடுத்த மரத்தில் வைக்காதீர்கள்.

பசையை வீட்டிலேயே தயாரிக்கலாம். ஒரு கிலோ மயில்துத்தத்தைப் பொடித்து 5 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஒரு கிலோ நல்ல கல் சுண்ணாம்பை இன்னொரு பாத்திரத்தில் நீற்றி 5 லிட்டர் பாலாக்கி வடிகட்டுங்கள். ஆறிய பிறகு இரண்டையும் ஒரே சமயத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். நாலைந்து மரம்தான் என்றால் நூறு கிராம், நூறு கிராம், ஒரு லிட்டர் தண்ணீர் போதும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண் பானைதான். இரும்பு, தகரம் கூடாது. பளபளப்பான கத்தியைக் கொஞ்ச நேரம் கலவையில் விட்டு எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை; இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேருங்கள். அன்றைக்கே தடவிவிட வேணும். தடித்து அப்ப வேண்டாம். மெல்லிசாக, பிரஷ்ஷால். கையுறை போடுங்கள், மிச்சத்தை ஆடு மாடு, குழந்தைகள் எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள்.

ஏற்கெனவே பொந்து விழுந்த பழைய மரம் வைத்திருக்கிறவர்கள் சிமெண்ட் போட்டு அடைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். காற்றில் மரம் ஆடும், சிமெண்ட் ஆடாது. உராய்ந்து உராய்ந்து மரம் கட்டிய வேலியை உடைக்கும். உள்ளே இருக்கிற மக்கலைச் சுரண்டி எடுப்பதும், தண்ணீர் வடியட்டும் என்று துளை போடுவதும் அதே தப்புதான். பொந்து இருந்தாலும் மரம் காய்க்கும். வீட்டுக்கு மேலோ பாதைக்கு மேலோ சாய்ந்து நிற்கிற பொந்து மரமாக இருந்தால் மட்டும் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கடைசியாகத் தென்னை. இதுவரை சொன்ன எதுவும் தென்னைக்குப் பொருந்தாது. தென்னைக்கு, பனைக்கு, பட்டைக்கு அடியில் அந்த வளர்திசு கிடையாது. அடிமரத்தில் பட்ட காயம் மூடவே மூடாது. மரம் இருக்கிறவரை இருக்கும். ஏறுவதற்குப் படி வெட்டுகிற பழக்கத்தை இதனால்தான் விடச் சொல்கிறோம். அடிமரத்தில் சாறு வடிந்தால், கெட்ட பாகத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுப் போர்டோ பசை பூசுங்கள். இங்கே பூச்சு அவசியம். சிவப்புக் கூன்வண்டு காயத்தின் வாசனையைப் பிடித்து வந்து முட்டையிடும். பச்சை மட்டையை வெட்டவே வேண்டாம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அடிமரத்திலிருந்து 120 சென்டிமீட்டர், ஏறக்குறைய மூன்று முழம், மட்டையை விட்டு வெட்டுங்கள். அந்த மட்டை தானாகக் காய்ந்து விழுகிறவரை அதில் கைவைக்காதீர்கள்.